இருபத்தாறு மணி நேரம்

"மூச்சு இருக்கிற மனுஷனுக்கு நாள் குறிக்க நீ யாருடி?"

காலை ஏழு மணிக்கே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். மூத்த மருமகள் வெந்நீர்க் குவளையோடு நின்றாள். உள்ளறையில் மாமனாரின் மூச்சு, வார் அறுந்த செருப்பை இழுத்து நடப்பதுபோல் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டரே ஒண்ணும் சொல்லலை... அதுக்குள்ள கடல் தாண்டி இருக்கிறவனை 'உடனே கிளம்பு'ன்னு கூப்பிட்டிருக்கியே! உன் வாய் பலிச்சிட்டா?"

"அத்தை..."

"பேசாதே!"

கணவனும் சேர்ந்துகொண்டான். "பறக்கிறது பதினஞ்சு மணி நேரம்தானே? மோசமானப்புறம் தம்பியைக் கூப்பிட்டா பத்தாதா? டிக்கெட் ஆபீஸ்ல உட்கார்ந்தா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

தெரியும். பன்னிரண்டு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுப்பவள் அவள். எல்லோரும் வானத்தில் இருக்கிற நேரத்தை மட்டும்தான் எண்ணுவார்கள். விமான நிலையத்துக்குப் போகிற நேரம், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது, நடுவழியில் விமானம் மாறக் காத்திருப்பது, பெட்டி வந்து வீடு சேர்வது... இதையெல்லாம் யார் எண்ணுகிறார்கள்? பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், வாசலுக்கு வாசல் இருபத்தாறு மணி நேரம். நம் ஊர் நேரப்படி நேற்று மதியம் இரண்டுக்குக் கிளம்பியவன் இன்று மாலை நான்கு மணிக்கு வரவேண்டும்.

ஆனால் அவனைக் கூப்பிட்ட காரணம் வேறு. அதைச் சொல்ல முடியாது. சத்தியம் செய்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, நடுவழியில் விமானம் மாறக் காத்திருந்த இளையவனின் செய்தி வந்தது. 'அண்ணி, இங்க பனிமூட்டம். அடுத்த விமானம் ரெண்டு மணி நேரம் லேட்.'

நான்கு மணி இப்போது ஆறாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் மாமனாரின் விரல்கள் சில்லிட்டுப்போயின. டாக்டர் வந்தார், பார்த்தார், மூத்தவனின் தோளைத் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். மாமியார் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு அடித்தது. பெரியவரின் கண்கள் மெல்லத் திறந்து சுவர்க் கடிகாரத்தைத் தேடின, பிறகு வாசலை. மருமகள் ஓடிப்போய் அவர் காதருகில் குனிந்தாள்.

"பனிமூட்டம் மாமா... இன்னும் ரெண்டே மணி நேரம். பொறுத்துக்குங்க!"

அவர் கண்ணிமை ஒருமுறை மூடித் திறந்தது. மாமியார் அதைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் மருமகளைப் பார்த்தாள்.

அந்த இரண்டு மணி நேரம்! ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமா என்று மூன்று பேரும் காத்துக் கிடந்தார்கள்.

ஆறேகாலுக்கு வாசலில் கார் கதவு அறைந்து சாத்தும் சத்தம்.

"அப்பா!"

இளையவன் கட்டிலடியில் விழுந்தான். பெரியவர் அவன் தலையைத் தடவினார். பார்வை மட்டும் மருமகள் பக்கம் திரும்பியது.

"இருபத்தாறுன்னு சொன்னே... இருபத்தெட்டு ஆச்சேம்மா... இழுத்துப் பிடிச்சுட்டேன் பாரு."

மாமியார் விறைத்துப்போனாள்.

"நான்தான்... கூப்பிடச் சொன்னேன்," என்றார் மனைவியிடம். "போற நேரம் எனக்கே தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா... நீ தாங்க மாட்டே. அவளைத் திட்டாதே."

"பாவி நான்... காலையிலேருந்து என்னென்ன பேசினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?" மாமியார் மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சின்னக் குழந்தைபோல, பயந்த குரலில் கேட்டாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே... இன்னும் எவ்வளவு நேரம்டி?"

எந்த ஊருக்குக் கேட்டாலும் நிமிடம் பிசகாமல் சொல்கிறவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. மாமியாரை இறுகக் கட்டிக்கொண்டாள்.