பாக்ரியை உதைத்த தாத்தா

“என் தங்கச்சி அழவே மாட்டா மாமா. நான் பொறுப்பு!”

பத்து வயது மிருண்மயி இப்படித்தான் பெண்ட்ஸே மாமாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பெண்ட்ஸே மாமா நாடகக் குழுவின் மேடை மேலாளர். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. குழு எந்த ஊருக்குப் போனாலும், கடைசிக் காட்சியில் பேத்தியாக வருவதற்கு அந்த ஊரிலேயே ஒரு சின்னப் பிள்ளையைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. சாங்லியில் அவருக்குக் கிடைத்தவள் மிருண்மயியின் தங்கை ஓவி. வயது ஐந்து.

வசனம் எதுவும் இல்லை. ஓடிவந்து தாத்தாவின் மடியில் ஏறி உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகையில் பெண்ட்ஸே மாமாவே தாத்தாவாக உட்கார்ந்தார். ஓவி சிரித்துக்கொண்டே ஏறினாள். ஒருமுறை அவருடைய கண்ணாடியைக் கழற்றித் தானே போட்டுக்கொண்டாள்.

தாத்தாவாக நடிப்பவர் மும்பையில் படப்பிடிப்பில் இருந்தார். ஸ்ரீபாத்ராவ் கரம்பேள்கர் என்பது அவர் பெயர். ஊருக்கெல்லாம் அவர் ‘பாவு’, அதாவது அண்ணன். சாங்லியில் பிறந்தவர், இதே அரங்கில் திரை இழுக்கிற வேலையில் சேர்ந்தவர். அப்புறம் திரைக்கு முன்னால் வந்து ஐம்பத்தெட்டு வருடம் ஆயிற்று. கொங்கணக் கரையிலிருந்து நாக்பூர் வரை அவர் ஏறாத மேடை இல்லை. நடித்த படங்களோ நூறுக்கு மேல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்குச் சொந்த ஊரில் அவருடைய நாடகத்தின் ஆயிரமாவது காட்சி. சீட்டெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தன.

முதல் மணி அடித்தாயிற்று. மூடிய திரைக்குப் பின்னால் நடராஜருக்குப் பூ வைத்து, தேங்காய் உடைக்க எல்லோரும் நின்றார்கள். அப்போதுதான் காரிலிருந்து இறங்கி, ஒப்பனை முடித்து, பாவு உள்ளே வந்தார். மலை போன்ற உடம்பு. கத்தை மீசை.

ஓவி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி அரங்கமே அதிரக் கத்தினாள்.

“அம்மா! பாக்ரியை உதைச்சவன்!”

கத்திவிட்டு அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள்.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய படம் அது. ஆனாலும் தொலைக்காட்சியில் மாதம் ஒருமுறை வந்துவிடும். அதில் பாவுதான் கொடுமைக்கார ஊர்த்தலைவர் பாட்டீல். ஏழை அம்மா ஒருத்தி பிள்ளைகளுக்காகச் சுட்டு வைத்த பாக்ரியை, அந்தச் சோள ரொட்டியை, அவர் காலால் எட்டி உதைப்பார். அது புழுதியில் உருண்டு போகும்.

“அது சினிமாடி செல்லம்,” என்றாள் அம்மா.

“உதைச்சான்! நான் பார்த்தேன்!” என்றது புடவை.

பாவு கோபப்படவில்லை. “எனக்கு இது பழகிப்போச்சும்மா. அந்தப் படம் வந்த வருஷம் இந்த ஊர் மார்க்கெட்ல ஒரு கத்திரிக்காய்கூட யாரும் எனக்கு விக்கல. ஒரு அம்மா தராசுத் தட்டாலயே அடிக்க வந்தாங்க. அதைவிடப் பெரிய விருது எனக்குக் கிடைச்சதில்ல.”

சிரித்தவர், புடவை நடுங்குவதைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார். “ஆனா குழந்தை இப்படி நடுங்கினா நல்லாயில்லயேப்பா,” என்று மெல்லச் சொல்லிவிட்டு ஒப்பனை அறைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது மணி அடித்தது.

பெண்ட்ஸே மாமா பின்னாலேயே ஓடினார். “பாவு, பேத்தி இல்லாம கடைசிக் காட்சி எப்படி? நாடகத்துல நீங்க யார்கிட்டயும் மன்னிப்பே கேட்காத முரட்டு ஹெட்மாஸ்டர். மகன் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டே போயிட்டான். பேத்தி மடியில ஏறினாத்தானே உங்க மனசு இளகணும்! யார் ஏறுவா, நானா?”

“நீ ஏறினா நாற்காலி தாங்கும். ஜனங்க தாங்க மாட்டாங்க.”

“கொஞ்சம் தாமதமா ஆரம்பிச்சா என்ன?”

“நாலரைக்கு மூணாவது மணி அடிச்சாகணும். இத்தனை வருஷத்துல அது எனக்காக ஒருநாளும் காத்திருந்ததில்ல.”

வாசலில் நின்ற மிருண்மயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘நான் பொறுப்பு’ என்று சொன்னவள் அவள்தானே! ஓவியை இழுத்துக்கொண்டு போய் மடியில் உட்கார வைக்கவும் மனசு வரவில்லை. பயந்த பிள்ளையை யாராவது அப்படிச் செய்வார்களா?

பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றி யோசித்தாள். ஓவி அதைக் கண்டாலே அலறுவாள். ஒருநாள் அவள் கையிலிருந்த செம்பு கீழே விழ, அந்தச் சத்தத்தில் சேவல் பயந்து ஓடியது. அன்றிலிருந்து ஓவிதான் சேவலைத் துரத்துகிறாள்.

மிருண்மயி கதவைத் தட்டினாள்.

“தாத்தா, நீங்க பயப்படணும்.”

பாவு திரும்பினார். “யாரைப் பார்த்து?”

“ஓவியைப் பார்த்து. அவ பயப்படறதுக்கு முன்னாடி நீங்க பயந்துடணும்.”

“எவ்வளவு பயம்? பூனையைப் பார்த்த எலி மாதிரியா, எங்க வீட்டுக்காரம்மாவைப் பார்த்த நான் மாதிரியா?”

“ரெண்டையும் சேர்த்துப் பயப்படுங்க.”

“சரி. காரணம் வேணுமே! காரணம் இல்லாம எனக்கு நடிக்க வராது.”

மிருண்மயி கொஞ்சம் யோசித்தாள். “நீங்க பாக்ரியை உதைச்சீங்க. அவளுக்குக் கோவம். உங்களை என்ன செய்வாளோ தெரியாது.”

“அடேயப்பா!” பாவு எழுந்துவிட்டார். “இது போதும்.”

ஓவி மேடை ஓரத்தில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாவு தூணுக்குப் பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தார்.

“ஐயையோ! அவளா! பெண்ட்ஸே, காப்பாத்துப்பா!”

ஓடிப்போய் பெண்ட்ஸே மாமாவுக்குப் பின்னால் ஒளிந்தார். பாவு முழு மலை, மாமா வெறும் குச்சி. மலையின் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. கைகள் வெடவெடவென்று நடுங்கின. மீசைகூட நடுங்கியது.

ஓவியின் நடுக்கம் நின்றது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். பாவு இரண்டு அடி பின்னால் போனார். அவள் இன்னொரு அடி வைத்தாள். அவர் ஒரு ஸ்டூல் மேல் ஏறிவிட்டார்.

“அக்கா, இவன் பயந்தாங்கொள்ளி!” ஓவி களுக்கென்று சிரித்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து, “ஏன் பாக்ரியை உதைச்சே?” என்று கேட்டாள்.

பாவு வாயைத் திறந்தார். அதற்குள் மூன்றாவது மணி அடித்துவிட்டது.

ஸ்டூலிலிருந்து இறங்கி, மேடைத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாவு உள்ளே போனார். திரை விலகியது.

நாடகம் ஓடியது. ஹெட்மாஸ்டர் உறுமினார், ஜனங்கள் சிரித்தார்கள். மகன் பெட்டியோடு கிளம்பினான், ஜனங்கள் மூக்கை உறிஞ்சினார்கள். இடைவேளையில் வடை சாப்பிட்டுத் திரும்பியவர்கள் மறுபடி உறிஞ்சினார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. நாற்காலியில் தனியாக ஹெட்மாஸ்டர்.

“ஓடு ஓவி, மடியில ஏறிக்கோ,” என்று மிருண்மயி காதில் சொன்னாள்.

ஓவி ஓடினாள். பாதி வழியில் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.

“நான் கேட்டேனே, நீ சொல்லவேயில்ல. ஏன் பாக்ரியை உதைச்சே? சாரி சொல்லு!”

பெண்ட்ஸே மாமா தலையில் கை வைத்தார். எண்ணூறு பேரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அந்தப் பாக்ரியை அறியாதவர் அங்கே யார்?

பாவு மெதுவாக எழுந்தார். குழந்தையைப் பார்த்தார். பெரிய கைகள் இரண்டும் மேலே போய் இரண்டு காதையும் பிடித்தன.

“தப்புத்தாம்மா. பசிச்ச பிள்ளைங்க சோறு அது. உதைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடு.”

காதைப் பிடித்தபடியே ஒரு தோப்புக்கரணம் போட்டார். எழுபத்தாறு வயது முழங்கால் ‘கடக்’ என்று சத்தம் போட்டது.

“அப்படிக் கேளுடி என் ராசாத்தி!” என்று மாடியிலிருந்து ஒரு அம்மாள் கத்தினாள். “நாப்பது வருஷமா நான் கேக்கணும்னு இருந்தேன்!”

அரங்கம் வெடித்தது. சிரிப்பும் அழுகையும் கைதட்டலும் சேர்ந்து கூரையில் மோதின. “ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!” பாட்டுக்குத்தான் அப்படிக் கேட்பார்கள். ஒரு மன்னிப்புக்குக் கேட்டது அன்றுதான்.

பாவு மறுபடி காதைப் பிடித்தார். முழங்கால் மறுபடி ‘கடக்’ என்றது.

“போதும் தாத்தா! கால் வலிக்கும்,” என்றாள் ஓவி. அவர் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள். பிறகு மடியில் ஏறிக்கொண்டாள்.

எண்ணூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

“ஆயிரம் தடவை நடிச்சேன்,” திரை விழுந்ததும் பாவு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். “இந்த ஹெட்மாஸ்டர் என்ன சொல்லணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. மிருண்மயி, உன் தங்கச்சி அழவேயில்ல பார்த்தியா!”

“நான்தான் பொறுப்புன்னு சொன்னேனே!” என்றாள் மிருண்மயி.

கொஞ்ச நேரத்தில் ஒப்பனை அறை வாசலில் ஒரே கூட்டம். மாலையோடு வந்த பெரியவர்களைத் தள்ளிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள்.

“நீங்க எங்க ஹீரோவோட குதிரையைத் திருடினீங்க!”

“கிணத்துல மண்ணு போட்டீங்க!”

“கல்யாணத்தை நிறுத்தினீங்க! அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல!” இதைச் சொன்னவர் சீருடை போட்ட போலீஸ்காரர்.

மிருண்மயி வாசலில் ஏறி நின்றாள். “எல்லாரும் வரிசையா வாங்க! ஒருத்தர் ஒரு சினிமாவைப் பத்தித்தான் கேட்கலாம்! தாத்தா உட்கார்ந்துக்கிட்டேதான் மன்னிப்புக் கேட்பார், முழங்கால் பாவம்!”

பாவு மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

“வாங்க, வாங்க! முதல்ல அந்தக் குதிரைக்காரப் பையன் வரட்டும்!”