பாதிப் பங்கு

காரணமானி அறைக்கு வெளியே தாய்மார்கள் தாங்கள் எவ்வளவு மோசமானவர்கள் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சூடு வெச்சேன்னு சொல்லப் போறனுங்க," என்றாள் சுகன்யாவுக்குப் பக்கத்தில் இருந்தவள். அவள் மகள் திருட்டு வழக்கில் உள்ளே இருந்தாள்.

"நெசமாவே வெச்சீங்களா?"

"அட, நீங்க வேற. உள்ளங்கையில வெச்சுத் தாங்குனேன். அதைச் சொன்னா ஒரு நாளாச்சும் குறைப்பாங்களா?"

பங்குத் தீர்ப்புச் சட்டம் வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளையின் குற்றத்தில் பெற்றவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைக் காரணமானி அளந்து சொல்லும். அந்த அளவு தண்டனை பிள்ளையிடமிருந்து கழிந்து பெற்றவர்மேல் ஏறும்.

சுகன்யாவின் மகன் மிதுனுக்குப் பன்னிரண்டு வருடச் சிறை. சாயக்கழிவு நீர் சுத்திகரிப்பு ஆலையில் அவன் பொறியாளராக இருந்தான். தொட்டியில் ஆள் இறங்குமுன் விஷவாயுவை அளக்க வேண்டும். அன்று கருவி மூன்று முறையும் அபாயம் என்றே காட்டியது. வேலை தாமதமாகிவிடும் என்று மிதுன் பதிவேட்டில் பாதுகாப்பான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டான். இறங்கிய நான்கு பேரும் ஏறி வரவில்லை.

அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பார்க்கப் போகும்போதெல்லாம் நான்கு பெயர்களையும் சொல்லுவான். செல்வராஜ், முபாரக், ஜோதிலட்சுமி, பிகாஷ். "வெளிய விட்டா அவங்க வீட்டுக்கெல்லாம் போய்க் கால்ல விழுவேம்மா," என்பான். அவனுக்கு இருபத்தாறு வயது. பன்னிரண்டு வருடம் அவன் தாங்கமாட்டான் என்று சுகன்யாவுக்குத் தெரியும். பாதியையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

உள்ளே காரணமானியை இயக்கும் அளவையாளர் சின்னப் பெண். சுகன்யாவின் தலையில் வலைத்தொப்பியை மாட்டினாள். மிதுனின் மூளையிலிருந்து குற்றத்தின் தடத்தை முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். தாயின் நினைவு ஏதாவது அந்தத் தடத்தோடு சேர்ந்தால் திரையில் எண் ஏறும்.

"சொல்லுங்கம்மா."

வக்கீல் சொல்லிக்கொடுத்த வரிசையில் சொன்னாள். பெல்ட்டால் அடித்தேன். குளியலறையில் வைத்துப் பூட்டினேன். பட்டினி போட்டேன்.

எண் பூஜ்யத்திலேயே நின்றது.

"நடக்காததைச் சொன்னா ஏறாதும்மா. தினமும் இதேதான் எல்லாரும் சொல்றாங்க."

சுகன்யா நிஜமானதைத் தேடினாள். ஒருமுறை கன்னத்தில் அறைந்தது. அவன் அப்பா இறந்த வருடம் அவனோடு பேசாமலே இருந்தது. எண் பூஜ்யம்.

"அவ்வளவுதானா? நேரம் முடியுது."

"இன்னும் ரெண்டு நிமிசம் குடும்மா."

"யோசிங்க. நீங்க டீச்சரா இருந்தீங்களா? விரல்ல சாக்பீஸ் பிடிச்ச காய்ப்பு இருக்கு."

"முப்பது வருசம் பிசிக்ஸ் லேப். அவன் ப்ளஸ் டூவும் எங்கிட்டத்தான்." வேறு எதையோ யோசித்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். "ஊசல் சோதனையில மூணு தடவை பண்ணியும் அவனுக்குப் புவியீர்ப்பு ஒன்பது புள்ளி ஒண்ணுதான் வந்துச்சு. அதையே ரெக்கார்டுல எழுதறேன்னு நின்னான். விடை ஒன்பது புள்ளி எட்டுன்னு தெரியுமில்ல கண்ணு, பின்னாடியிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதுன்னேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்றதுதான். முழு மார்க்..."

அளவையாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் ஐம்பதில் வந்து நின்றிருந்தது.

சுகன்யா அதைப் பார்த்தாள். பிறகு, "ஆறு வருசம் குறையுமில்ல?" என்று கேட்டாள்.

"குறையும். அந்த ஆறு உங்களுக்கு வரும்."

"வரட்டும்," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

பெண்கள் சிறைக்குப் போகுமுன் மகனைப் பார்க்க அரைமணி நேரம் கொடுத்தார்கள். மிதுன் தட்டில் இருந்த தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகத்தை மழித்திருந்தான்.

"நேத்து நல்லாத் தூங்கினேம்மா."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "சாப்பிடு சாமி. தண்டனை குறைஞ்சவங்களுக்கு ரெண்டு நாள் லீவு தர்றாங்களாம். அந்த நாலு வீட்டுக்கும் போயிட்டு வந்துரு."

"போறேன். செல்வராஜண்ணன் வீட்டுக்கும், முபாரக் வீட்டுக்கும்."

"ஜோதிலட்சுமி வீடு? அவ பொண்ணு அஞ்சாவதுதான் படிக்கிறா."

"பாதிதானேம்மா என்னோடது. மிஷினே சொல்லிருச்சு." கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். குரலில் கோபம் இல்லை. "நாலு பேரையும் பிரிச்சுப் பார்த்தேன். எனக்கு ரெண்டு பேரு, உனக்கு ரெண்டு பேரு."

சுகன்யா அவன் கையைப் பிடித்தாள். "கண்ணு, அப்படியில்ல. அது தண்டனைக்குப் போட்ட கணக்கு. செத்தவங்களுக்கு..."

"எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதும்மா. நாலு பேரும் சேர்ந்து வருவாங்க. இப்ப ரெண்டு பேருதான் வர்றாங்க. ரெண்டு பேருன்னா சமாளிக்கலாம்."

காவலர் வந்து நின்றார். மிதுன் எழுந்து அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது.

"ஜோதிலட்சுமி வீடு பக்கந்தான், நீ வெளிய வந்ததும் போய்க்கலாம். பிகாஷுக்குத்தான் ஊரு ஒடிசா," என்றான். "அவ்வளவு தூரம் போக வேண்டாம்மா. உள்ளேயிருந்தே ஒரு லெட்டர் போட்டுரு, போதும்."