மூன்று நொடி முகூர்த்தம்

ட்ரிங்... ட்ரிங்...!

பதுளை பஸாரில் கமரா பழுதுபார்க்கும் மதுஷா, ஈயப் புகையை ஊதித் தள்ளிவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"பிள்ளை, நான் தர்மராசா. வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். ஸ்டோரில களவு போயிட்டுது. கமரா ஒழுங்கா வேலை செய்தது எண்டு நீர் ஒரு கையெழுத்துப் போட்டால் காணும். நாலு மணிக்குப் பொலிஸ் வருது!"

"பாக்காம எப்பிடி சேர் கையெழுத்து?"

"பாக்கிறதுக்கு அதில ஒண்டுமே இல்லைப் பிள்ளை!"

ஒன்றுமே இல்லாத படத்துக்கு இவ்வளவு அவசரமா...?

மதுஷா பையைத் தூக்கினாள்.

பசறை தாண்டி, நமுனுகுல வளைவுகளில் ஊர்ந்த பஸ் அவளை இறக்கிவிட்டபோது மணி மூன்று பத்து!

ஆபீஸ் வாசலில் காவல்காரர் மாரிசாமி குந்தியிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"மாரியாத்தா மேல சத்தியம் தங்கச்சி, நான் எடுக்கல. வேல போனா குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். புள்ளைகள கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

காணாமல் போனது, கொழும்புப் போட்டிக்குப் போக இருந்த பொன் விலை போகும் ஒரு பெட்டி வெள்ளித் தேயிலை. நேற்று மதியம் இரண்டு மணிக்கு இருந்தது. இரண்டரைக்கு இல்லை!

"ஸ்டோருக்கு ரெண்டு வாசல்," என்றார் தர்மராசா, வழுக்கையைத் துடைத்து, சாவிக்கொத்தைக் குலுக்கியபடி. "முன் வாசல் திறப்பு என்னட்ட. பின் வாசல் திறப்பு இவனிட்ட. முன் வாசலைக் கமரா பாத்துக்கொண்டே இருந்தது. ஆரும் வரேல்ல. அப்ப கள்ளன் ஆர்?"

மதுஷா கமராப் படம் பதிவாகும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். ரெக்கோர்டரை ஓடவிட்டாள்.

வெறும் வாசல்... வெறும் வாசல்...

சட்டென்று நிறுத்தினாள்!

"சேர், படத்துக்கு அடியில பாருங்க. ஒரு வெரல் அளவு கிழிஞ்சு கோணிக்கிட்டு நிக்குது."

"பழைய கமரா பிள்ளை. எனக்கே இடுப்புக் கோணல்!"

"ரெண்டு மணிக்கு முன்னால கோணலே இல்லியே?"

தர்மராசா மறுபடி வழுக்கையைத் துடைத்தார்.

"என்னா தங்கச்சி சொல்ற?" மாரிசாமி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கமரா படத்த கோடு கோடாத்தான் வயர்ல அனுப்பும். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால ஒரு தட்டு. காலையில ஆள் கூப்புடுற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற மாதிரி! இந்த ரெக்கோர்டர்ல ஒரு சிப்பு இருக்கு. அதுதான் கங்காணி. தட்டக் கேட்டு, கோட்ட வரிசையில நிறுத்தி, எங்க வெளிச்சம், எங்க இருட்டு, என்ன கலருன்னு அளந்து நம்பரா எழுதிரும்."

"சரி...?"

"கமரா தட்டுனா தாளம் தப்பாது. இது தள்ளாடுது. பழைய வீடியோ கேசட் போடுற டெக்கு தட்டுனாத்தான் இப்பிடித் தள்ளாடும்!"

"விசர்க் கதை!" தர்மராசா துள்ளினார். "படத்தில நேத்தைய திகதி, நேரம் எல்லாம் கிடக்கே!"

"அது ரெக்கோர்டர் மேல ஒட்டுறது சேர். யாரோ பழைய படத்த டெக்குல ஓடவிட்டு, கமரா வயர்ல மாட்டியிருக்காங்க. டேப்புன்னா எங்கயாச்சும் முடியணுமே... முடிஞ்ச எடத்தப் பாப்போம்!"

இரண்டு இருபது.

பளிச்சென்று நீலம்!

"கரண்ட் போச்சுது. அவ்வளவுதான்!"

"கரண்ட் போனா ரெக்கோர்டரும்ல செத்திருக்கும்? தட்டு நின்னாத்தான் சிப்பு நீலம் காட்டும்."

ஒவ்வொரு படமாக நகர்த்தினாள்.

நீலம் விலகியது. கறுப்பு வெள்ளையில் ஒரு மணவறை! சிப் நிறத்தைப் பிடித்ததும்... கூறைச்சேலை சிவந்தது. சுருள் முடி மாப்பிள்ளை ஒருவன் தாலி கட்டினான்!

மூன்றே நொடி. மறுபடி வெறும் வாசல், இப்போது கோணல் இல்லாமல்!

"சனல்... சனல் மாறியிருக்கும்!" தர்மராசாவுக்கு வியர்த்தது.

மாரிசாமி திரையில் மூக்கை ஒட்டினார்.

"ஏ தங்கச்சி! அந்தா பின்னால, வாய் நெறைய லட்டோட நிக்கிறது... நானு!"

"யாரு கல்யாணம்ணே?"

"நம்ம கிளாக்கரய்யா கல்யாணம்! அப்ப ஐயாவுக்கு முடி இருந்திச்சு!"

தர்மராசா தொப்பென்று கதிரையில் விழுந்தார்.

மதுஷா சுவரில் ஓடிய கமரா வயரைத் தொடர்ந்து போனாள். அது அவர் அலுமாரிக்குள் நுழைந்து வெளியே வந்தது. திறந்தாள். டெக்! அதன் மேல் வெள்ளித் தேயிலைப் பெட்டி!

"ஏன் சேர், வேற கேசட் கெடைக்கலியா?"

"இப்ப எந்தக் கடையில பிள்ளை கேசட் விக்குது? வீட்டில கிடந்தது அது ஒண்டுதான். போன ஞாயிறு வெறும் வாசலை அதில பதிஞ்சனான். முழுக்க அழிச்சிருப்பன்..." டெக்கைப் பார்த்தார். "தாலி கட்டுற இடத்தை அழிச்சா குடும்பத்துக்கு ஆகாது எண்டு விட்டனான்."

"ஐயா கல்யாணத்துக்கும் நான் சாட்சி. இந்தக் கேசுக்கும் நான்தான் சாட்சி!" மாரிசாமி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

ட்ரிங்... ட்ரிங்...!

இந்த முறை தர்மராசாவின் ஃபோன். திரையில் அவர் மனைவியின் பெயர்... குணமணி!

"காலமையிலிருந்து அந்தக் கேசட்டைத்தான் தேடுறா..." தர்மராசா ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு மதுஷாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பிள்ளை, உமக்குப் புண்ணியமாப் போகும்... பொலிஸை அவ வாறதுக்கு முன்னம் கெதியா வரச்சொல்லும்!"