நோக்கறி

முத்துக்கரைத் துறைமுகக் காவல் பிரிவில் அறுபது கைத்துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் ஐம்பத்தொன்பது, எதிரே நிற்பவரின் மனத்தைப் படித்த பிறகே சுடும். மிச்சம் ஒன்று, பழைய இரும்புக்குறி வைத்துக் குறிபார்ப்பது, தலைமைக் காவலர் எஸ்தருடையது.

அந்த ஒன்று துணைக் கண்காணிப்பாளர் சங்கரபாண்டியனின் கண்ணை உறுத்தியது. மனத்தைப் படிக்கும் அந்தக் கருவியை, நோக்கறியை, மேலிடத்தில் வாதாடி வாங்கி வந்தவர் அவர். துப்பாக்கியின் முதுகில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. எதிராளியின் மூச்சு, கண்மணி, விரல் நரம்பு எல்லாவற்றையும் அது அளக்கும். கொல்லும் எண்ணம் தெரிந்தால் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி விழும். விசையும் அப்போதுதான் இளகும்.

“புள்ளி விழுந்தா யோசிக்கக் கூடாது. சுடணும்” என்று தினமும் காலைப் பயிற்சியில் கத்துவார். பிறகு எஸ்தர் பக்கம் திரும்புவார். “நம்ம இரும்பம்மாவுக்கு மட்டும் ரெண்டு இரும்புத் துண்டை ஒண்ணாச் சேத்துப் பாக்கணும். ஏம்மா, அதுக்குள்ள திருடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துருவான்ல?”

எல்லாரும் சிரிப்பார்கள். எஸ்தர் பத்துக்குப் பத்து சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் துடைப்பாள். “கொல்லலாமா வேண்டாமான்னு கண்ணாடிகிட்ட கேக்கிறவன் கையில துப்பாக்கி எதுக்கு?” என்று ஒருமுறை அவர் காதுபடவே சொன்னாள். அந்த மாதம் முழுவதும் அவளுக்குக் குப்பைக்கிடங்குக் காவல்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஏழாம் எண் கிடங்கில் லூர்து என்ற சுமைத் தொழிலாளி மேற்பார்வையாளரின் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான். இயந்திரத்தில் நசுங்கி இறந்த தம்பியின் பெயரை விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதுதான் அவன் கேட்டது. சங்கரபாண்டியன் எட்டுப் பேரோடு வந்து அவனை வட்டமாகச் சூழ்ந்தார். வெளியே செய்தியாளர்கள் கூடியிருந்தார்கள். நோக்கறியின் பெருமையை ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“சுடுங்கடா!”

யாரும் சுடவில்லை.

“புள்ளி விழல ஐயா” என்றான் எதிர்ப்புறம் நின்ற காவலர் முத்துராக்கு. “அவனுக்குக் கொல்ற எண்ணம் இல்ல போலிருக்கு.”

லூர்து அழுதுகொண்டிருந்தான். சங்கரபாண்டியனின் கண்ணாடியும் வெறுமையாகவே இருந்தது. விசை கல்லாய் இறுகிக் கிடந்தது. ஒரு கூலிக்காரன் ஊர் முன்னால் தன்னைக் கோமாளியாக்கிவிட்டான் என்று அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நான் பேசுறேன் ஐயா, அஞ்சு நிமிசம் குடுங்க” என்றாள் பக்கத்தில் நின்ற எஸ்தர்.

“நீ பேசிக் கிழிச்ச!” அவள் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி லூர்துவின் நெற்றிக்கு நேராக நீட்டினார்.

வட்டத்தின் மறுபக்கத்தில் முத்துராக்குவின் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று விழுந்தது. லூர்துவின் தோளுக்கு மேலே, சங்கரபாண்டியன் மீது. இரண்டு வருடம் பழக்கிய விரல் யோசிக்கவில்லை.

தோட்டா அவருடைய வலத் தோளைத் துளைத்தது. சத்தத்தில் லூர்து கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மருத்துவமனையில் விசாரணை அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார். “அந்த நொடியில லூர்துவைக் கொல்ல நினைச்சீங்களா?”

ஆம் என்றால் வேலை போய்விடும். இல்லை என்றால் நோக்கறி பொய்யாகிவிடும். சங்கரபாண்டியன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“சும்மா மிரட்டத்தான் நீட்டினேன். அந்தக் கண்ணாடி சுத்தக் குப்பை சார். நான் அப்பவே சொன்னேன்.”

கருவி சரியாகத்தான் காட்டியது என்று எழுதிக் கொடுத்தவள் எஸ்தர் ஒருத்திதான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. முத்துராக்குவைப் பணிநீக்கம் செய்தார்கள். ஐம்பத்தொன்பது துப்பாக்கிகளிலிருந்தும் கண்ணாடியைக் கழற்றி இரும்புக்குறி பொருத்த உத்தரவு வந்தது.

தோள் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று சங்கரபாண்டியன் ஆயுத அறைக்குப் போனார். மேசைமேல் கண்ணாடிகள் குவிந்து கிடந்தன. எஸ்தர் ஒன்றை எடுத்துத் தன் துப்பாக்கியில் பொருத்தித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “என்னம்மா இரும்பம்மா, ஊரே தூக்கிப் போட்டதுக்கு அப்புறமா உனக்கு ஆசை வருது? எதுக்கு இப்ப இது?”

அவள் தலை நிமிரவில்லை.

“நாளையில இருந்து உங்க வண்டியில எனக்கு டூட்டி போட்டிருக்காங்க, ஐயா.”