நாற்பத்தோராவது டோக்கன்

ஒரு மனுஷக் குரலின் விலை நானூறு ரூபாய். முந்நூறில் நின்றதைப் பேரம் பேசி நானூறுக்கு ஏற்றியவன் செல்வமணி. மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கம்ப்யூட்டருக்குப் பேசக் கற்றுத்தர, தலைக்குப் பத்து நிமிஷப் பேச்சு வேண்டும் என்று பெங்களூர் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று பதிய அவன் கடைக்குத்தான் வருவார்கள். ரேகை வைத்ததும் மைக்கை நீட்டுவான். "அப்டியே பழைய ஷிப்டு கதைய இதுல சொல்லுங்க, பென்ஷனுக்கு வேணும்." ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுரங்கத்தில் இறங்கும்போது நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துப்போய், மேலே வந்ததும் பலகை ஆணியில் திரும்ப மாட்டியவர்கள் அவர்கள். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே. உயிரை ஷிப்டுக்கு ஷிப்டு கணக்குக் காட்டிப் பழகியவர்களுக்கு இதுவும் ஒரு டோக்கன்.

நாற்பது பேர். சாம்பிளுக்காக முதலில் பதிந்த தன் குரலையும் சேர்த்து விற்றான். நாற்பத்தொன்று.

டிசம்பரில் ஒரு நாள் பொழுது சாய்ந்து கடையைப் பூட்டும்போது போன் அடித்தது. திரையில் தங்கவேலு என்று பெயர், மைக்கில் பேசிய நாற்பது பேரில் ஒருவர். போன மாதம் அவர் பாடைக்கு முன்னால் நடந்தவர்களில் செல்வமணியும் ஒருவன்.

"மணி, கடைய சாத்திட்டியா?"

"யாரு பேசறது?"

"பத்து நிமிசம் பேச வெச்சி வாங்கிக்கினு இப்ப யாருன்றியே. நல்ல யாவாரிப்பா நீ." ஒரு இருமல். அதே இருமல். "நான் மேல வந்துட்டேன். டோக்கன மாட்டிட்டேன். உன்னுது எங்க?"

வெட்டிவிட்டான். வாங்கியவன் எவனோ மோசடிக்காரனுக்குக் கைமாற்றியிருப்பான், சரக்கு நம் கையைவிட்டுப் போனபின் நமக்கென்ன என்று நினைத்தான். பயமோ வெட்கமோ வரவில்லை. சாவியைப் பையில் போடும்போதுதான் பார்த்தான். வளையத்தில் தாத்தாவின் பித்தளை டோக்கன் தொங்கும். இப்போது வளையம் மட்டும் இருந்தது.

சுரங்கக் கழிவு மண் குவிந்து மழையில் நனைந்த சயனைடு மேட்டிலிருந்து துருவும் சுண்ணாம்பும் கலந்த வாடை இறங்கிவர, தொழிலாளர் லைன் வீடுகளின் நடுவே அவன் நடக்க நடக்க, தாண்டிய ஒவ்வொரு வீட்டிலும் போன் அடித்தது, உள்ளே யாரோ எடுத்து நிம்மதியாக, "வந்துட்டியா, வா, சோறு ஆறுது" என்றார்கள். அந்தப் பேச்சுக்கெல்லாம் அடியில், மூடி இருபது வருஷத்துக்கு மேலான சுரங்க ஷாப்டில் ஆளேற்றும் கேஜ் ஏறுவதுபோல ஒரு கம்பிச் சத்தம் காலடி மண் வழியாக வந்தது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அவன் எண்ணிக்கொண்டே வந்தான். தொழில் பழக்கம். மைக்கில் பேசியவர்களின் வீடுகள்தான். நாற்பது.

தன் வீட்டில் போன் அடிக்கவில்லை.

கதவைத் தட்டினான்.

"யாரு?" மனைவி ஷோபாவின் குரல்.

"நாந்தான் ஷோபா. தொற."

உள்ளே தட்டில் கரண்டி இடிக்கும் சத்தம்.

"அவரு உள்ள சாப்ட்டுனு கீறாரு. நீங்க யாருங்க?"

"ஷோபா..."

"இன்னாங்க, வெளிய யாரோ உங்கள மாதிரியே பேசறாங்க."

"கண்டுக்காத," என்றது உள்ளே செல்வமணியின் குரல். "எவனாவது மோசடிக்காரனா இருப்பான். கொழம்பு ஊத்து."

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான். தட்டில் சோறு. குனிந்து குழம்பு ஊற்றும் ஷோபா. தட்டுக்கு எதிரே யாருமில்லை. சோறு குறைந்தது. ஷோபா சிரித்தாள்.

காலண்டர் ஆணியில் பித்தளை டோக்கன். ஆடியது. நின்றது.

கூப்பிட வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

இறங்கிய குரல் நாற்பத்தொன்று. ஏறிய குரல் நாற்பத்தொன்று. கணக்கு நேர்.

வாசலில் ஒரு ஆள் மிச்சம்.