மூன்றாம் மறுப்பு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி துறைமுகக் குடியிருப்பில் எல்லா வீட்டுச் சுவர்களும் பேசும். பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் சரி, தோசை தீய்ந்துகொண்டிருந்தாலும் சரி, வேலையில்லாதவர்கள் அந்நேரம் சுவர்த்திரை முன் வந்து நின்றாக வேண்டும். பணியழைப்பு என்று அதற்குப் பெயர். பச்சை வட்டத்தில் கை வைத்தால் ஏற்பு. சிவப்பில் வைத்தால் மறுப்பு. வராமல் இருந்தால் அதுவும் மறுப்புதான்.

கனகமணி இரண்டு வாரமாகச் சிவப்பில்தான் கை வைத்திருந்தாள். முதல் மறுப்புக்கு வீட்டின் குளிர்காற்றை நிறுத்தினார்கள். வெளியே ஐம்பது டிகிரி. சுவரில் சாய்ந்தால் முதுகு சுட்டது. இரண்டாம் மறுப்புக்கு மருந்து நின்றது. அவளுடைய கணவன் செல்லத்துரைக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. துறைமுகத்தில் பத்து வருடம் கந்தகத் தூளைச் சுவாசித்தவன். மருந்து நின்ற ஐந்தாம் நாள் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினான்.

"கனகமணி செல்லத்துரை. கைப்படையில் ஓர் இடம் இருக்கிறது. இது மூன்றாம் அழைப்பு. மறுத்தால் குளிர்காற்று, மருந்து, மருத்துவம் என்று வாழ்வுறுதி முழுவதும் நிற்கும். வீட்டையும் காலி செய்ய வேண்டும்" என்றது சுவர். கோபமே இல்லாத, நல்ல குரல்.

கைப்படையைத் தவிர வேறு வேலை அழைப்பு வந்து ஆறு வருடமாகிவிட்டது. கனகமணி பதினோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். இப்போது கிரேன்கள் தாமாகவே ஓடின. பேருந்தும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அப்படியே. இயந்திரம் செய்யக் கூடாத வேலை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். முன்பொரு முறை காவல் எந்திரங்கள் ஒரு கூட்டத்தையே கொன்றுபோட்டதால், இயந்திரம் எந்த மனிதன்மேலும் பலம் காட்டக் கூடாது என்று தொடாச் சட்டம் வந்தது. அதனால் ஒருவரை அடிக்க, இழுக்க, வீட்டைவிட்டு வெளியேற்ற மனிதக் கை வேண்டியிருந்தது; அதுதான் கைப்படை. வெளியேற்றப்பட வேண்டியவர்கள் யார் என்றால், அந்த வேலையை மூன்று முறை வேண்டாம் என்றவர்கள்.

"வேண்டாம் புள்ள. நான் இப்படியே போயிருதேன். அடிக்கிற வேலை நமக்கு வேண்டாம்" என்றான் செல்லத்துரை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"நீங்க சும்மா இரிங்க."

அவள் பச்சையில் கை வைத்தாள். கையை எடுப்பதற்குள் குளிர்காற்று வந்தது. மருந்துப் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. செல்லத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஆனாலும் மருந்தைச் சாப்பிட்டான்.

இரண்டு நாள் மணல் மூட்டையைத் தடியால் அடித்துப் பழகினாள். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு ஐந்து பேராகக் கிளம்பினார்கள். தலைவர் சூசை, முன்னாள் பேருந்து நடத்துநர். தலைக்கு மேலே கண்பறவை என்ற சிறு பறக்கும் எந்திரம் வந்து முகவரியை வாசித்தது. நான்காம் அடுக்ககம், மூன்றாவது மாடி, ரெமிஜியுஸ்.

கனகமணி நின்றுவிட்டாள். அவள் உயரே கிரேனில் இருந்த பதினோரு வருடமும் கீழே நின்று கையசைத்து வழிகாட்டியவர் ரெமிஜியுஸ். அவர் கை தவறியிருந்தால் அவள் பாரத்தை யார் தலையிலாவது இறக்கியிருப்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

"அண்ணாச்சி, எனக்கு இவிய தெரிஞ்சவிய. என்னைய வேற வீட்டுக்கு அனுப்புங்க."

சூசை அவளைப் பார்க்காமல் கைக்கவசத்தை மாட்டினார். "தெரிஞ்ச ஆளுன்னு ஒதுங்குனா அதையும் மறுப்புன்னுதான் பறவை எழுதும், தாயி. எனக்கு மொத வீடே எங்க மச்சான் வீடு."

மாடிப்படியில் அந்த வீட்டார் காத்திருந்தார்கள். கட்டிலைச் சாய்த்து வழியை அடைத்து, அதன் பின்னால் ரெமிஜியுஸ் இரும்புக் குழாயோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி பிரகாசி. அடுத்த வீட்டு ஜெபராணி கொதிக்கிற தண்ணீர்ப் பானையைத் துணியால் பிடித்திருந்தாள்.

"ஆளுக்கு ரெண்டு பையை எடுத்துட்டு இறங்கிருங்க. யாரும் கை வைக்க மாட்டோம்" என்று சூசை கத்தினார்.

"இறங்கி எங்கல போக? ரோட்டுல வெந்து சாகவா?" என்றார் ரெமிஜியுஸ். அப்போதுதான் தலைக்கவசத்துக்குள் இருந்த முகத்தைக் கண்டுகொண்டார். "கனகமணி? உனக்கு என்ன வந்துச்சு புள்ள?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜெபராணி பானையைக் கவிழ்த்தாள். முன்னால் நின்ற, பையன் மாதிரி இருந்த படைக்காரன் ஒருவன் அலறிக்கொண்டு உருண்டான். சூசை கட்டிலை மிதித்து ஏறினார். ரெமிஜியுஸின் குழாய் அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. சூசை விழுந்த பிறகும் குழாய் மறுபடி உயர்ந்தது. இந்த முறை அது சூசையின் தலைக்கு நேராக இருந்தது.

கனகமணி அடித்தாள். எங்கே அடிக்கிறோம் என்று பார்க்கவில்லை. முதல் அடி ரெமிஜியுஸின் தாடையில் பட்டது. அவர் அவளைப் பிடிக்கக் கை நீட்டினார். அது அடிக்கவா, விழாமல் இருக்கவா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயத்தில் இன்னொன்று போட்டாள், காதுக்கு மேலே. அவர் கட்டிலோடு சரிந்து, பன்னிரண்டு படியும் உருண்டு, படி திரும்புகிற இடத்துச் சுவரில் தலை மோதிக் கிடந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. ஒரு கால் மட்டும் உதறிக்கொண்டே இருந்தது.

ஜெபராணி வீட்டுக்குள் ஓடித் தாழிட்டாள். பிரகாசி படியிறங்கி வந்து கணவனின் தலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! ஐயோ, யாராவது கூப்பிடுங்களேன்!"

கண்பறவை தாழ்ந்து வந்தது. "இவருடைய வாழ்வுறுதி திங்கட்கிழமையே நின்றுவிட்டது. மருத்துவ ஊர்தி சூசைக்கும் வெந்நீர்க் காயம் பட்டவருக்கும் மட்டும் வருகிறது."

"ஒரே வண்டியிலதான ஏத்தச் சொல்லுதேன்!"

பறவை பிரகாசியின் பக்கம் திரும்பியது. பிறகு அதே நல்ல குரலில் சொன்னது: "பிரகாசி ரெமிஜியுஸ். கைப்படையில் ஓர் இடம் இப்போது காலியாகியிருக்கிறது. ஏற்றால் குடும்பத்துக்கு மருத்துவம் உடனே கிடைக்கும்." படிக்கட்டுச் சுவரில் இரண்டு வட்டங்கள் ஒளிர்ந்தன.

பிரகாசி நிமிர்ந்து கனகமணியைப் பார்த்தாள். "இதுக்குத்தான் நீயும் போனியா?"

"ஆமா மைனி. இல்லன்னா எங்க வீட்டுக்காரவியளுக்கு மூச்சு நின்னுருக்கும்."

பிரகாசி கணவனின் தலையை மெல்லக் கீழே வைத்தாள். ரத்தக் கையைப் பச்சையில் வைத்தாள். ஆறாவது நிமிடம் மருத்துவ ஊர்தியின் தூக்குப்படுக்கைகள் படியேறி வந்தன. மூன்றாவது படுக்கையில் ரெமிஜியுஸை ஏற்றினார்கள். அவள் கூடப் போகக் காலெடுத்து வைத்தாள்.

"பணி நேரம் தொடங்கிவிட்டது" என்றது பறவை. "அடுத்த முகவரி, இதே மாடி. ஜெபராணி. மூன்றாம் மறுப்பு, தாக்குதல்."

படையில் கனகமணியோடு மூவர்தான் மிச்சம்; மற்ற இருவரும் பின்னால் நின்றார்கள். பிரகாசி கீழே கிடந்த சூசையின் தடியை எடுத்தாள். சேலை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டு, சாய்ந்து கிடந்த கட்டிலைத் தாண்டி மேலே ஏறினாள். தன் வீட்டுக் கதவைக் கடக்கும்போது தலையைத் திருப்பவில்லை. ஜெபராணியின் கதவு முன் நின்று, தடியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கிப் பிடித்தாள்.

கனகமணி பின்னால் போய் அவள் முழங்கையைத் தொட்டாள். பிரகாசி உதறவில்லை.

"மைனி, தலையில வேண்டாம். எனக்குத் தெரியாமப் போச்சு. முட்டிக்குக் கீழ அடிங்க. விழுந்தாலும் பிழைச்சிக்கிருவாவ."

பிரகாசி தலையாட்டினாள். தடியைத் தாழ்த்திப் பிடித்தாள். உள்ளே ஜெபராணி பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் தோளைக் கதவில் சாய்த்து, ஒன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு தள்ளினார்கள்.