நானூற்றுப் பன்னிரண்டு பதிலிகளும் இன்னொன்றும்

மேலச்சாத்தனேந்தல் ஊரின் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க ஒன்பது வினாடி ஆனது. முகில்வாணன் டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் திரையில் முடிவு வந்துவிட்டது. கேள்வி இதுதான்: 'உங்கள் ஊர்ப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் தொடர வேண்டுமா?' முந்நூற்றுத் தொண்ணூற்றொரு வீடுகள் வேண்டாம் என்றன.

பதில் சொன்னவை மனிதர்கள் அல்ல, பதிலிகள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு வீடாக மூலக் கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு குடும்பமும் சொன்ன பதில்களைக் கொண்டு அந்தக் குடும்பத்தைப் போலவே யோசிக்கும் ஒரு பதிலியைக் கணினிக்குள் உருவாக்கினார்கள். மழை, விலைவாசி, ஊர்ச் செய்தி எல்லாம் அன்றாடம் அதற்கு ஊட்டப்படும். குடும்பத்தோடு சேர்ந்து பதிலிக்கும் வயதாகும். ஒரு திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று அதைக் கேட்டால் போதும், வெயிலில் யாரும் அலைய வேண்டியதில்லை. நாற்பது ஏழை நாடுகள் இந்த முறைக்கு மாறியிருந்தன. முகில்வாணன் வேலை பார்த்த வளர்ச்சி ஆய்வு மையத்தில் களப்பயணம் என்ற சொல்லையே படிவங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அந்தத் தபால் வரும்வரை. தபாலில் மனு வருவதே அலுவலகத்தில் வேடிக்கை. காளீஸ்வரி என்ற பெண் எழுதியிருந்தாள்: 'எங்க ஊரில் பிளஸ் டூவை எடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். எங்களை யாரும் கேட்கவில்லையே.' மனு வந்தால் மனுதாரரின் பதிலியிடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. முகில்வாணன் காட்டினான்.

"எனக்கு அப்படி ஒரு குறையும் இல்லை" என்றது காளீஸ்வரியின் பதிலி.

"மகளைப் படிக்க வைக்க விருப்பம் இல்லையா?"

"இல்லை."

விதிப்படி கோப்பை அதோடு மூடியிருக்கலாம். ஆனால் அந்த 'இல்லை' அவனுக்குச் சுருக்கென்றது. குரலில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை, வெறும் அவசரம்தான் இருந்தது. அந்த அவசரத்தை எங்கோ கேட்ட மாதிரி இருக்கவே, மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினான்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது காளீஸ்வரி வாசலில் சாக்கை விரித்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். பக்கத்தில் மகள் கனிஷ்கா, பதினாறு வயது, பள்ளிச் சீருடையில் புத்தகப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆய்வு மையத்திலிருந்து வருகிறேன் என்றதும் காளீஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க அந்தக் கணக்கெடுக்க வந்த தம்பில்ல? இப்ப சதை போட்டுட்டீக."

முகில்வாணனுக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், இந்த ஊரில்தான் அவன் வேலையைத் தொடங்கினான். இருபத்திரண்டு வயதில், கையில் படிவமும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, ஒரு மாதம் இங்கே தெருத் தெருவாக நடந்திருந்தான்.

"அக்கா, அப்ப உங்க பொண்ணைப் பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வைக்க விருப்பமான்னு கேட்டிருக்கோம். நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"சொல்லியிருப்பேன்."

"ஏன்க்கா?"

அவள் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஆடு இருக்கான்னு கேட்டீக. இருக்குன்னேன். எத்தனை, என்ன தீனி, எப்ப குட்டி போட்டுச்சுன்னு பதினாலு கேள்வி வந்துச்சு. கோழி இருக்கான்னீக. அதுக்கொரு பதினொண்ணு. இவ அப்ப இடுப்புல கெடந்து கத்துறா. உங்க மூஞ்சி வேற வெயில்ல கறுத்துப்போய்ப் பாவமா இருந்துச்சு. நீங்கதான தம்பி மெதுவாச் சொன்னீக, 'அக்கா, இல்லைன்னு சொன்னா துணைக்கேள்வி வராது, சட்டுனு முடிஞ்சிரும்'னு. அதுக்கப்புறம் எதைக் கேட்டாலும் இல்லைன்னேன். பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லிவிட்டேன். பொழுது சாயுறதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சுபோச்சு."

ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டும் என்பது அன்றைய கட்டளை. முகில்வாணன் பதினெட்டு முடித்தான். சிறந்த களப்பணியாளர் என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் மையத்தில் நிரந்தர வேலை வாங்கினான்.

"இப்ப கேக்குறேன்க்கா. நிஜமாச் சொல்லுங்க."

"என்ன தம்பி கேள்வி இது! டவுன் பள்ளிக்கூடம் பத்தொம்பது கிலோமீட்டரு. காலையில ஒரு பஸ்ஸு, அதுவும் வந்தா உண்டு. அவுக அப்பா, மில்லுல சேத்துவிட்டிருவோம், ஹாஸ்டல், சோறு எல்லாம் மில்லுக்காரனே பாத்துக்கிருவான்னு நிக்கிறாக. வெள்ளிக்கெழம காலையில ஆளெடுக்க வேன் வருது. நான்தான் ஒத்தக்கால்ல நிக்கிறேன், இங்கயே பள்ளிக்கூடம் இருக்கையில எதுக்கு மில்லுன்னு. இல்லைன்னு ஆயிருச்சுன்னா எதைச் சொல்லி அவளை நிறுத்துவேன்?" அவள் சாக்கைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பள்ளிக்கூடம் இருக்கும்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க, போதும். வேனைத் திருப்பி அனுப்பிருவேன்."

அந்த ஒரு வார்த்தையை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முகில்வாணன் ஆய்வாளன். ஒரு வீட்டின் பேச்சு ஆதாரம் ஆகாது என்று படித்தவன். "பேசிட்டுப் போன் பண்றேன்க்கா" என்று எண்ணை வாங்கி, கூட்டம் முடிந்ததும் அழைக்க வேண்டும் என்று அலுவலகப் போனில் குறித்துக்கொண்டு மற்றத் தெருக்களுக்குள் இறங்கினான்.

வியாழன் மதியத்துக்குள் குலுக்கலில் எடுத்த நாற்பது வீடுகளில் பள்ளிக்கூடக் கேள்வியை மட்டும் கேட்டு முடித்தான். நாற்பதிலும் ஆம். அதன் துணைக்கேள்விகளை ஒன்று விடாமல் கேட்டான். ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம்கூட ஆனது, யாரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு சுத்தமான தரவு தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்ற பூரிப்பில் பஸ் ஏறினான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மையத்தின் இயக்குநர் டாக்டர் சிந்துஜாவின் மேசையில் படிவங்களை வைத்தான்.

சிந்துஜா நல்ல மனுஷி. யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேலச்சாத்தனேந்தல் நேத்தே முடிஞ்சுதே. திங்கள்கிழமைக் கூட்டத்தை முன்னாடி கொண்டு வந்துட்டோம். நீங்க விடுப்புல இருந்தீங்க, உங்க பதிலி கலந்துக்கிச்சு."

முகில்வாணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்பு, கூட்டங்களின் தொல்லை தாங்காமல், ஊழியர்களுக்கும் பதிலி வேண்டும் என்று அலுவலகமே ஒருமனதாகக் கேட்டு வாங்கியிருந்தது. யோசனையைச் சொன்னதே அவன்தான். விடுப்பில் இருப்பவருக்காக அதுவே கூட்டத்தில் உட்காரும், அவர் குறித்து வைத்த அலுவல் தொடர்பான தொலைபேசி அழைப்புகளையும் பேசி முடிக்கும். இயக்குநர் திரையைத் திருப்பிக் காட்டினார். பள்ளி வகுப்புகளை நகரத்துக்கு மாற்றும் தீர்மானம். கீழே ஒரு வரி: 'முகில்வாணன்: ஆட்சேபணை இல்லை.'

"அது நான் இல்ல மேடம்."

"பதினோரு வருஷக் கூட்டக் குறிப்பு அத்தனையும் படிச்ச பதிலி அது. நீங்க எத்தனை தடவை ஆட்சேபணை சொல்லியிருக்கீங்கன்னு நீங்களே பாருங்க."

பார்த்தான். ஒரு தடவைகூட இல்லை. ஏன் என்பதும் தெரியும். ஆட்சேபணை என்று சொன்னால் காரணம் எழுதித் தர வேண்டும், துணைக்குழு போடுவார்கள், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும்.

"இந்த நாப்பது படிவம்?"

"பதிலிகளை இன்னைக்கும் கேட்டுப் பாத்தாச்சு, அதே பதில்தான். இங்க மட்டும் நாப்பது பேர் ரெண்டே நாள்ல மனசு மாறி ஆமாங்கிறாங்க. கேட்டவர் தூண்டினார்னுதான் எழுதுவாங்க. உங்களுக்கே தெரியும்." சிந்துஜாவின் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. "சொல்லப்போனா, ஆட்சேபணை சொல்றதுதான் உங்க இயல்புக்கு மாறா இருக்கு. உடம்பு ஏதும் சரியில்லையா?"

அடுத்த வருஷ மறுஆய்வில் சேர்க்கலாம் என்று பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். அதை எழுதி முடிக்கும்வரை நிற்காமல் முகில்வாணன் வெளியே வந்து காளீஸ்வரியை அழைத்தான். வேனைத் திருப்பி அனுப்புங்கள், நான் கோர்ட்டுக்குப் போயாவது பார்க்கிறேன் என்று சொல்லத்தான் அழைத்தான். அதைச் சொல்லவும் செய்தான்.

"வேன் ஏழு மணிக்கே வந்துருச்சு தம்பி" என்றாள் அவள். "ஏத்திவிட்டுட்டேன்."

"நான் போன் பண்றேன்னு சொன்னேனேக்கா?"

"நீங்கதான நேத்துச் சாயந்தரம் போன் பண்ணுனீக. கூட்டம் முடிஞ்சிருச்சுக்கா, ஒண்ணும் செய்ய முடியலைன்னு எம்புட்டுப் பொறுமையாச் சொன்னீக. கனிஷ்காகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுனீகளே. எனக்கு அழுகையா வந்துச்சு. நம்ம தம்பியே சொல்லுது, இனி என்ன இருக்குன்னுதான் அவுக அப்பாகிட்ட சரின்னேன்."

"அக்கா, பேசுனது நான் இல்ல. அது ஒரு மெஷின். என்னை மாதிரியே பேசும். நான் என்ன சொல்வேனோ அதைத்தான் சொல்லும்."

அவளுக்குப் புரியவில்லையோ என்று அவன் மறுபடி விளக்கப் போனான். ஆனால் அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

"சரி தம்பி" என்றாள். "நேத்து அந்தக் கூட்டத்துல நீங்களே உக்காந்திருந்து, எங்க ஊருக்கு வராமலும் இருந்திருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீக?"

முகில்வாணன் போனைக் காதில் வைத்தபடி நடைகூடத்தில் நின்றான். எதிர் அறையில் அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வைக்கவில்லை, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.